முதல் பாகமா, இரண்டாம் பாகமா? விடையாற்றி இரவுக்குப் பேய்ப்படம் தேடுபவர்களுக்கு

ஆடி பிறந்துவிட்டால் விழாக்குழுக்காரர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. காப்புக் கட்டு, பால்குடம், தீமிதி எல்லாம் முறையாக நடந்துவிடும். திருவிழா முடிந்து சாமி இளைப்பாறும் விடையாற்றி அன்று ராத்திரி தெருவை அடைத்துத் திரை கட்டிப் படம் போடலாம் என்றதும் தகராறு தொடங்கும். பேய்ப்படம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பெரியவர்கள் ‘சந்திரமுகி’ என்பார்கள். “அதைத்தான் டிவியில வாராவாரம் போடுறானே, ரெண்டாவது பாகம் போடுங்க” என்பார்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள். காலேஜ் கூட்டம் ‘டிமான்ட்டி காலனி’ என்று ஒற்றைக் காலில் நிற்கும். அதிலும் முதலாவதா, இரண்டாவதா என்று இரண்டு கட்சி.

நான்கையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திப் பார்ப்போம். கதையின் ரகசியங்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும். படம் தேர்ந்தெடுக்கும் ஆளுக்கு முடிவு தெரியாமல் இருந்தால் வேலைக்காகாது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: பேயின் ரகசியம் உங்கள் கூட்டத்துக்கு முன்பே தெரியுமா? பேய்ப்படத்தின் முதல் பாகம் ஒரு அறையைப் பூட்டிவைத்து, உள்ளே என்ன என்று நம்மைத் தவிக்கவிடுகிறது. படம் முடியும்போது பூட்டு திறந்துவிடும். இரண்டாம் பாகம் எடுப்பவர் கையில் கிடைப்பது திறந்து கிடக்கும் அறை. அவருக்கு இரண்டே வழி. அதே அறையில் இன்னும் நாலு விளக்கைப் போட்டுக் காட்டலாம். இல்லாவிட்டால், இந்த வீட்டில் நீங்கள் பார்க்காத இன்னோர் அறை இருக்கிறது என்று சொல்லலாம். சந்திரமுகி 2 முதல் வழியில் போனது. டிமான்ட்டி காலனி 2 இரண்டாவது வழியில் போனது. நாலு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால்வாசி இங்கேயே வந்துவிடுகிறது.

மற்றவை நடைமுறை விஷயங்கள். முந்தைய பாகம் பார்க்காதவருக்குக் கதை புரியுமா? தெருவிளக்கும் ஜெனரேட்டர் சத்தமும் ஐஸ் வண்டி மணியும் இருக்கும் திறந்தவெளியில் அந்தப் பயம் எடுபடுமா? அப்பாயியும் ஆறு வயதுப் பேத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசியாக, நேரமும் செலவும்.

## சந்திரமுகி (2005)

2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று வந்த படம். பி. வாசு இயக்கம், வித்யாசாகர் இசை. ரஜினி மனநல மருத்துவர் சரவணன், பிரபு செந்தில்நாதன், அவர் மனைவி கங்காவாக ஜோதிகா. வேட்டையபுரம் அரண்மனையில், முன்னொரு காலத்து நாட்டியக்காரி சந்திரமுகியின் பூட்டிய அறையைக் கங்கா திறக்கிறாள். அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதெல்லாம் பேயின் வேலை என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, அங்கே பேயே இல்லை என்று படம் சொல்கிறது. நோய்தான். கங்கா தன்னைச் சந்திரமுகியாக நினைத்துக்கொள்கிறாள். நாம் பார்க்கும் சந்திரமுகியும் கங்காவின் முகத்தோடுதான் வருகிறாள்.

இந்தக் கதை 1993இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்த ‘மணிச்சித்ரதாழ்’ படத்திலிருந்து, வாசுவே 2004இல் கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’ வழியாக வந்தது. அதில் தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு சொந்த விஷயம் இருக்கிறது. மலையாளத்தில் அந்த நாட்டியக்காரியின் பெயர் நாகவல்லி, ஊர் தஞ்சாவூர். மலையாளம் பேசிக்கொண்டிருந்த ஷோபனா திடீரென்று தமிழ் பேசும்போதுதான் கேரளத்து ஆட்கள் நடுங்கினார்கள். கூடவே வாழ்கிற பெண் வேறு பாஷையில் பேசுவது எந்த அலறலையும்விடப் பெரிய பயம். கதை தமிழுக்கு வந்தபோது தஞ்சாவூர்த் தமிழ் யாரையும் பயமுறுத்தாது என்பதால், அவளை விஜயநகரத்துத் தெலுங்குக்காரி ஆக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பெண் நம் ஊருக்கே வந்தபோது ஊரை இழந்துவிட்டாள்.

திருவையாற்றில் தியாகராஜர் கீர்த்தனை கேட்டு, மெலட்டூரில் விடிய விடியத் தெலுங்கு பாகவத மேளா பார்த்துப் பழகிய நம் பெரியவர்களுக்குத் தெலுங்கு அந்நியமும் இல்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் ‘ரா ரா’ பாட்டின் பயம் பாஷையிலிருந்து வருவதில்லை. ஜோதிகாவின் கண்ணிலிருந்து வருகிறது. இருபது வருஷம் கழித்தும் அந்தக் கண் வேலை செய்கிறது என்பதுதான் படத்தின் பலம்.

மருத்துவரும் மந்திரவாதியும் கைகோத்து ஒரு நாடகம் நடத்தி நோயாளியைக் குணப்படுத்துகிறார்கள். பட்டணத்தில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. திருச்சிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் இருக்கும் குணசீலம் பெருமாள் கோயிலைத் தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். மனம் பேதலித்தவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பது அங்கே காலங்காலமான வழக்கம். இன்றைக்குக் கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. தீர்த்தமும் மாத்திரையும் ஒரே வாசலில் கிடைக்கும் ஊர் நம்முடையது. அதனால் படத்தின் முடிவு இங்கே இயல்பாகவே உட்காருகிறது.

குறை என்றால், ரகசியம் செத்துவிட்டது. கங்காதான் என்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். பிரபு சரவணனிடம் அலுத்துக்கொள்ளும் வசனத்தைப் படத்துக்கு முன்னாலேயே கூட்டம் சொல்லிவிடும். வடிவேலு காட்சிகள் முடிந்ததும் பாதிப் பேர் பாயைச் சுருட்டுவார்கள், கடைசி அரைமணிக்குத் திரும்ப வருவார்கள். வடிவேலுவின் மனைவியை வைத்துச் செய்த சில நகைச்சுவைகள் இன்றைக்குக் கொஞ்சம் நெளியவைக்கின்றன. அந்தப் பெரிய பாம்பு எதற்கு வந்தது என்றும் எவனாவது ஒரு பையன் கேட்பான். பதில் கிடையாது.

ஆனால் திறந்தவெளிக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கஷ்டம். பயம், சிரிப்பு, பாட்டு, மூன்றும் மாறி மாறி வருவதால் நடுவில் ஐந்து நிமிஷம் எழுந்து போனாலும் எதுவும் குடிமுழுகிப் போகாது.

## சந்திரமுகி 2 (2023)

2023 செப்டம்பர் 28இல் வெளியானது. இயக்குநர் அதே வாசு, இசை கீரவாணி. ராகவா லாரன்ஸ், கங்கனா ரனாவத், ராதிகா, லட்சுமி மேனன். முதல் படத்திலிருந்து திரும்பி வரும் முக்கியமான ஆள் முருகேசனாக நடித்த வடிவேலுதான். ரஜினியும் ஜோதிகாவும் இல்லை.

தொடக்கம் நமக்கு நெருக்கமானது. ஒரு பெரிய குடும்பத்துக்கு அடுத்தடுத்துக் கஷ்டம் வருகிறது. குலதெய்வத்தைக் கும்பிடாமல் விட்டதுதான் காரணம் என்று பெரியவர் சொல்கிறார். கோயிலுக்குப் பக்கத்தில் தங்க இடம் தேடி வேட்டையபுரம் அரண்மனைக்கு வருகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் பிழைக்கிற பிள்ளைகள் குலதெய்வம் தேடி வேனில் வந்து இறங்குவதை வருஷா வருஷம் பார்க்கிற ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வீடு வாங்கி அரண்மனைக்குள் வரும் முதல் படத்தைவிட இந்தக் காரணம் உறுதியானது.

அதற்குப் பிறகுதான் சறுக்கல். முதல் படம் பேய் இல்லை என்றது. இது பேய் உண்டு என்கிறது. அதுவும் ஒன்றில்லை, இரண்டு. சந்திரமுகியின் ஆவி ஒரு பெண்ணுக்குள்ளும், அவளைக் கொன்ற அரசன் வேட்டையனின் ஆவி லாரன்ஸுக்குள்ளும் இறங்குகின்றன. பழைய கதையில் நாம் கேட்ட வேட்டையன் உண்மையில் செங்கோட்டையன் என்ற தளபதி என்று ஒரு முன்கதையும் வருகிறது. கங்கனாவை நேராகவே சந்திரமுகியாகக் காட்டிவிடுகிறார்கள். கற்பனைக்கு விட்டிருந்ததை எல்லாம் வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. வெளிச்சத்தில் நிற்கும் பேயை வேடிக்கை பார்க்கலாம், பயப்பட முடியாது.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் கிழக்கு வாசல் வழியே போனவர்கள் அந்த வாசல் வழியே திரும்பமாட்டார்கள். வரகுண பாண்டியனைப் பிடித்த பிரமகத்தி, அதாவது பிராமணனைக் கொன்ற பாவம், அவன் திரும்பி வருவான் என்று அங்கேயே காத்திருக்கிறதாம். அவன் வேறு வாசலால் வெளியேறித் தப்பித்தான். சந்திரமுகி 2 போன வாசலிலேயே திரும்பி வருகிறது. அதே அரண்மனை, அதே அறை, அதே நாட்டியம், அதே வேட்டையன் சிரிப்பு. ஒவ்வொரு காட்சியிலும் முதல் படம் வாசலில் நின்று பிடித்துக்கொள்கிறது. வாசுவுக்கு இது புதிதும் இல்லை. 2010இலேயே கன்னடத்தில் ‘ஆப்தரக்ஷகா’, தெலுங்கில் ‘நாகவல்லி’ என்று இதே கதைக்குத் தொடர்ச்சி எடுத்தவர்தான்.

இருந்தாலும் இதைக் கழித்துக்கட்டவேண்டாம். முதல் படத்தைப் பார்த்துவிட்டு “கடைசியில பேயே இல்லைன்னு ஏமாத்திட்டான்” என்று வருத்தப்பட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், முக்கியமாகப் பத்து வயதுக்குள். அவர்களுக்கு இரண்டு ஆவிகள் மோதிக்கொள்வது கொண்டாட்டம். முதல் பாகம் பார்க்காதவருக்கும் புரியும். பயம் குறைவு என்பதே குழந்தைகள் அதிகம் இருக்கும் கூட்டத்துக்கு ஒரு தகுதி.

## டிமான்ட்டி காலனி (2015)

அஜய் ஞானமுத்துவின் முதல் படம். அருள்நிதியும் மூன்று நண்பர்களும் சென்னையில் ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் விளையாட்டாகப் போகிறார்கள். எடுக்கக்கூடாத நகை ஒன்று அவர்களோடு வந்துவிடுகிறது. ஆழ்வார்ப்பேட்டையில் அந்தப் பெயரில் ஒரு தெருவே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வாழ்ந்த ஜான் டி மான்ட்டி என்ற வணிகரின் பெயர் அது. வெள்ளைக்காரப் பேய் நமக்கு ஒட்டாது என்று சிலர் சொல்கிறார்கள். தரங்கம்பாடியில் 1620இல் கட்டிய டேனிஷ் கோட்டையையும் பழைய கல்லறைகளையும் வைத்துக்கொண்டு நாம் அப்படிச் சொல்லக்கூடாது.

படத்தின் பெரும்பகுதி ஒரே அறையில் நடக்கிறது. நாலு பேர், ஒரு கதவு, வெளியே போக முடியவில்லை. தமிழில் வந்த பேய்ப்படங்களில் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பயத்தைப் பிடித்து வைத்த படங்கள் குறைவு. பேயை நினைத்து நம்மை அழவைக்கும் வழக்கத்தையும் இது விட்டுவிட்டது. யாரும் காப்பாற்ற வருவதில்லை. முடிவு இதமானது இல்லை.

தெருவில் போடும்போது இதெல்லாமே எதிராகத் திரும்பும். இந்தப் படத்தின் பயம் இருட்டிலும் மெல்லிய சத்தத்திலும் இருக்கிறது. அம்மன் அலங்காரத்துக்குப் போட்ட சீரியல் லைட் ஒருபக்கம், ஜெனரேட்டர் ஒருபக்கம், பாதிப் படம் தெரியாது, பாதி கேட்காது. பாட்டு குறைவான படத்தில் எழுந்து போய்வரவும் இடமில்லை. பங்குனியில் வலங்கைமான் பாடைக்காவடியில், உயிரோடிருப்பவரைப் பாடையில் கட்டித் தூக்கிவருவதைப் பார்த்து வளர்ந்த பாட்டிகளுக்குச் சாவைக் காட்டிப் பயமுறுத்த முடியாது என்பதும் இன்னொன்று. அவர்கள் தூங்கிவிடுவார்கள். பேத்திகள்தான் தூங்கமாட்டார்கள்.

இது வீட்டுப் படம். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஐந்தாறு பேராக உட்கார்ந்து பார்க்கவேண்டியது.

## டிமான்ட்டி காலனி 2 (2024)

2024 ஆகஸ்ட் 15இல் வந்தது. அதே இயக்குநர், அதே அருள்நிதி, இந்தமுறை இரட்டை வேடம். கூடப் பிரியா பவானி சங்கர். இசை சாம் சி. எஸ். நாலு பேர் மாட்டிய அந்தச் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் வேறு ஆட்களும் மாட்டியிருக்கிறார்கள், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று கதையைப் பெரிதாக்குகிறார்கள். ஒருவனுக்கு ஏதாவது ஆனால் இன்னொருவனுக்கு என்ன ஆகும் என்ற முடிச்சில் அண்ணன் தம்பியைக் கட்டிப்போட்டிருப்பது நல்ல யோசனை. திருவிடைமருதூர்க் கணக்கில் சொன்னால், இவர் வேறு வாசல் தேடி வெளியே வந்தவர்.

அதற்கான விலை, பயம் மெலிந்தது. ஒரு அறையில் இருந்த பேய்க்கு விதி, ஒப்பந்தம், காலக்கெடு என்று வந்ததும் நாம் நடுங்குவதை விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். அடுத்து என்ன என்ற ஆவல் இருக்கிறது. முதல் படத்தின் மூச்சுமுட்டல் இல்லை. ஒரு தொடர்ச்சியாக இது சந்திரமுகி 2ஐவிட நேர்மையான முயற்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் பாகம் தெரியாமல் உட்காருபவர் அரைமணியில் பக்கத்து ஆளை நோண்ட ஆரம்பிப்பார். முடிவும் மூன்றாம் பாகத்துக்கு வாசலைத் திறந்துவைத்துவிட்டு நிற்பதால், “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே கலைவார்கள்.

## ஒரே பார்வையில்

| | சந்திரமுகி | சந்திரமுகி 2 | டிமான்ட்டி காலனி | டிமான்ட்டி காலனி 2 |
|---|---|---|---|---|
| பயம் எங்கே | கங்காவின் மனதில் | இரண்டு ஆவிகளில் | பூட்டிய அறையில் | சாபத்தின் கணக்கில் |
| தனியாகப் புரியுமா | புரியும் | புரியும் | புரியும் | கஷ்டம் |
| திறந்தவெளி | மிகப் பொருத்தம் | பொருத்தம் | பொருந்தாது | ஓரளவு |
| சின்னப் பிள்ளைகள் | பரவாயில்லை | பரவாயில்லை | வேண்டாம் | வேண்டாம் |
| சிரிப்பு | நிறைய | முயற்சி இருக்கிறது | முதல் பாதியில் கொஞ்சம் | குறைவு |
| நீளம் | இரண்டரை மணிக்கு மேல் | இரண்டரை மணிக்கு மேல் | இரண்டு மணிக்குள் | இரண்டு மணிக்கு மேல் |

## கணக்கில் வராத செலவுகள்

ஓடிடி சந்தா இருக்கிறது, லேப்டாப்பைப் புரொஜக்டரில் சொருகினால் ஆயிற்று என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அந்தச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். ஊர்கூடப் பார்க்கப் போடுவது பொதுத் திரையிடல்; டிக்கெட் விற்காவிட்டாலும் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வேண்டும். புதிய படத்துக்கு உரிமை யாரிடம் என்று கண்டுபிடிப்பதற்கும் கேட்பதற்கும் நாளாகும். ஆகவே இரண்டாம் பாகம் என்று முடிவுசெய்தால் காப்புக் கட்டுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது நேரம். ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு விலக்குத் தந்தால் நள்ளிரவு 12 வரை. ஆடியில் ஏழு மணிக்கு முன்னால் திரை தெரியாது. ஏழிலிருந்து பத்து, மூன்று மணி நேரம். இரண்டு சந்திரமுகியில் எதைப் போட்டாலும் உபயதாரர் பெயர் வாசிக்க நேரமிருக்காது; வாசிக்காவிட்டால் அடுத்த வருஷம் உபயமும் இருக்காது. பூஜை முடிந்து எட்டரைக்குத்தான் தொடங்க முடியும் என்றால் இந்த இரண்டும் விலக்கு இல்லாமல் நடக்காது. நீளத்தை மட்டும் பார்த்தால் டிமான்ட்டி காலனிகூடப் பத்து மணியைக் கிட்டத்தட்ட அரைமணி தாண்டித்தான் முடியும்.

காற்றையும் மறந்துவிடாதீர்கள். ஆடிக்காற்றில் திரை உப்பினால் எந்தப் பேய்க்கும் வயிறு வந்துவிடும், கூட்டம் சிரித்துவிடும். சவுக்குக் கம்பை ஆழமாக நட்டு, திரையின் அடிப்பக்கத்தையும் கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

## யாருக்கு எது

எல்லா வயதும் கலந்த தெருக்கூட்டம், ஒரே ராத்திரி: சந்திரமுகி, முதல் பாகம். பையன்கள் முனகுவார்கள், முனகட்டும். வசனத்தைக் கூடச் சேர்ந்து சொல்லுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. தெரிந்த கதையை விடிய விடியப் பார்க்கும் பழக்கம் தெருக்கூத்துப் பார்த்த நம் ஆட்களுக்குப் புதிதில்லை.

பிள்ளைகள்தான் பாதிக்கு மேல், பெரியவர்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்கள் என்றால் சந்திரமுகி 2. பயம் பத்தாது என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கல்யாண மண்டபமோ சமுதாயக்கூடமோ கிடைத்து, கதவைச் சாத்தி இருட்டாக்க முடியும், வருவது இளவட்டம் மட்டும் என்றால் டிமான்ட்டி காலனி. என் கட்சியும் இதுதான்; நாலில் சிறந்த பேய்ப்படம் இது. இரண்டு ராத்திரி படம் போடுகிற வசதியுள்ள ஊர் என்றால் அடுத்த நாள் அதன் இரண்டாம் பாகத்தைப் போடலாம். முதல் நாள் போடாமல் இரண்டாம் பாகத்தை மட்டும் போடாதீர்கள்.

“அரண்மனை போடலாமே” என்பவர்களுக்கு: சுந்தர். சி 2014இல் தொடங்கிய அந்த வரிசையில் ஒவ்வொரு பாகமும் தனிக்கதை. இந்த ஒப்பீட்டுக்குள் வராது. 2024இல் வந்த நாலாம் பாகத்தை முந்தைய மூன்றும் பார்க்காமலே போடலாம். அதில் வருவது அஸ்ஸாமிலிருந்து வரும் தண்ணீர்ப் பேய். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதத்தில் அதைப் போட்டால் மறுநாள் காலை பிள்ளைகளைக் குளிக்க அனுப்புவது உங்கள் பாடு.

எதைப் போட்டாலும் படத்தின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, எந்த வயதுக்கானது என்பதை மைக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதிய சான்றிதழ்களில் யுஏ என்பதோடு 7+, 13+, 16+ என்று வயதும் போட்டிருக்கும். முதல் நாள் சாயங்காலமே அதே புரொஜக்டரில், அதே ஸ்பீக்கரில் பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். பெண்கள் உட்காரும் பக்கத்தில் ஒரு ட்யூப்லைட் கடைசிவரை எரியட்டும். இளவட்டம் கத்தினாலும் அணைக்கவேண்டாம்.